மணலில் ஓடும் பாய்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், பெல்ஜியக் கடற்கரையில் மூன்று சக்கரங்களின் மேல் பாய் விரித்து ஓடும் வண்டி ஒன்றின் படத்தை, 'காற்றே பெட்ரோல்' என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் வெளியிட்டிருந்தோம். படம் சிறியது, வந்த கடிதங்களோ ஒரு கட்டு. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த வண்டிக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் லேண்ட் யாட் என்று வழங்கும் அதனை இங்கே பாய்வண்டி என்றே எழுதுகிறேன்.

தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். நீங்கள் வெளியிட்ட படம் வேடிக்கைக்காக எடுத்ததா, அல்லது உண்மையிலேயே இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதா?
— இராமேசுவரம் வாசகர்

வேடிக்கை அல்ல. 1962இல் அமைந்த சர்வதேசச் சம்மேளனமும், வகை வகையாகப் பிரித்து எழுதிய விதிகளும், ஐரோப்பிய, உலகப் போட்டிகளும் உடைய முழுமையான விளையாட்டு அது. பெல்ஜியத்தின் தெ பன்னெ கடற்கரையில் 1898இல் டியூமோன் சகோதரர்கள் செய்து ஓட்டிய வண்டியை இன்றைய விளையாட்டின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அதே கரையில் 1909இல் போட்டி நடந்தது. அந்த ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்து பெயர் பெற்ற பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோவும், பிற்பாடு ஆர்டலோ கடற்கரையில் பாய்வண்டிகள் கட்டி ஓட்டுவதில் இறங்கினார். விமானத்தின் இறக்கையும் பாயும் ஒரே குடும்பம் என்பதை நன்கு அறிந்தவர் அவர். அந்த உறவு அடுத்த பதிலில் நமக்கு வேண்டியிருக்கும்.

வண்டியின் அமைப்பு மிக எளிது. முன்னே ஒரு சக்கரம். பின்னே அகலமான அச்சின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். நடுவே குழாய்களாலான ஒரு சட்டம், அல்லது வள்ளத்தைப் போலக் குறுகிய கண்ணாடியிழைக் கூடு. ஓட்டுபவர் அதற்குள் ஏறக்குறைய மல்லாந்து படுத்தவாறு கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, இரு பாதங்களாலும் மிதிகளைத் தள்ளி முன்சக்கரத்தைத் திருப்புகிறார். கைகளுக்கு உள்ள ஒரே வேலை ஒரு கயிற்றைப் பிடித்திருப்பது. பாயின் அடிப்பகுதியை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் அந்தக் கயிற்றை நம் கடற்கரையில் தாமான் என்பார்கள். இழுத்தால் வேகம் கூடும், விட்டால் குறையும்; மோட்டார் சைக்கிளில் வலக்கை செய்கிற வேலையை இங்கே தாமான் செய்கிறது. போட்டி தொடங்கும்போது ஓட்டுபவர் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே சில அடிகள் ஓடி, அது உருளத் தொடங்கியதும் உள்ளே தாவிப் படுத்துக்கொள்கிறார். போட்டிகளில் பரவலாக ஓடும் மூன்றாம் வகுப்பு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பாய்ப்பரப்பு 7.35 சதுர மீட்டர். நம் வீட்டுக் கூடத்தில் விரிக்கும் ஒரு பெரிய ஜமுக்காளத்தின் அளவு. அவ்வளவு துணி, நல்ல காற்றில் ஒரு மனிதரை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துச் செல்லும்.

நீங்கள் மனப்பாடம் செய்த அடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை இடமறிந்து செயல்படுவதற்குச் சொல்லப்பட்டவை. பாய்வண்டிக்காரர்கள் அந்தப் பாடத்தை நம்மைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். ஏன் என்பது கடைசிக்கு முந்தைய கேள்வியில் தெரியும்.

காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, அதனால் தள்ளப்படும் வண்டி அதைவிட வேகமாக எப்படி ஓடும்? பாய்வண்டி காற்றை முந்தும் என்று எங்கோ படித்துவிட்டு என் எட்டாம் வகுப்பு மாணவிகள் கேட்டார்கள். அச்சுப்பிழையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.
— மதுரை ஆசிரியை

மாணவிகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள், அச்சுப்பிழை இல்லை. உங்கள் கேள்வியிலேயே சிக்கல் ஒளிந்திருக்கிறது: 'தள்ளப்படும்' என்ற சொல். ஆற்றில் மிதக்கும் கட்டையை நீர் தள்ளுவதுபோலக் காற்று வண்டியைத் தள்ளுகிறது என்று எண்ணினால், வண்டியால் காற்றை முந்தவே முடியாது. காற்றை நேர் முதுகில் வாங்கி ஓட்டுவது பாய்வண்டிக்கு மிகவும் மந்தமான பயணம். அது விரைவது, காற்றுக்குக் குறுக்கே போகும்போது.

காற்றே இல்லாத ஒரு மாலையில் ஸ்கூட்டரில் போனாலும் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? அது நம் ஓட்டமே உண்டாக்கும் காற்று. இப்போது இடப்பக்கத்திலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் உண்மையான காற்று வீசட்டும். நாமும் அதே 30 கி.மீ. வேகத்தில் நேரே போவோம். பக்கத்துக் காற்றும் ஓட்டக் காற்றும் கலந்து, இடப்புறம் முன்னேயிருந்து 45 டிகிரிக் கோணத்தில், 42 கி.மீ. வேகத்தில் நம்மேல் படும். பாய்க்குத் தெரிவது இந்தக் கலப்புக் காற்று மட்டுமே. கரையில் நிற்பவருக்குத் தெரியும் காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வண்டி வேகம் 60 ஆனால் பாயின்மேல் படும் காற்று 67 ஆகிறது. வேகம் 90 ஆனால் காற்று 95. ஓட ஓட, வண்டி தனக்கு வேண்டிய காற்றைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

பெருக்கிக்கொள்வது இலவசமாக நடப்பதில்லை. வேகம் கூடக் கூட அந்தக் காற்று பக்கத்திலிருந்து நழுவி முன்பக்கமாக வந்துவிடுகிறது: 30இல் 45 டிகிரியாக இருந்தது, 60இல் சுமார் 27 டிகிரி, 90இல் 18 டிகிரி. இங்கேதான் பிளேரியோவின் இறக்கை நினைவுக்கு வரவேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய பாய், செங்குத்தாக நிறுத்திய விமான இறக்கையைப் போல, தன்மேல் வழுகிச் செல்லும் காற்றுக்கு ஏறத்தாழச் செங்குத்தான திசையில் விசையைப் பெறுகிறது. அந்த விசையில் பெரும்பங்கு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். சிறு பங்கு முன்னே இழுக்கும். சக்கரம் பக்கவாட்டில் நகர மறுக்கிறது, முன்னே உருளத் தயங்குவதில்லை. எனவே பெரும்பங்கு தரையில் வீணாக, அந்தச் சிறு பங்கே வண்டியை ஓட்டுகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: விரல்கள் ஒரு நூலளவுதான் நெருங்கும், கொட்டையோ அறையின் மறுமூலைக்குப் பறக்கும். குறுக்கே வரும் மெதுவான அழுத்தம், வழுகும் பொருளுக்கு விரைவான ஓட்டமாக மாறுவதற்கு அது நல்ல உதாரணம்.

இதே கணக்கு கடல் படகுக்கும் பொருந்தும். ஆனால் சாதாரணப் படகு ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரைப் பிளந்து, அலை எழுப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வேகம் கூடும்போது அந்தத் தடை மிக வேகமாக ஏறுகிறது. கெட்டித் தரையில் உருளும் நல்ல சக்கரத்துக்கு அந்தச் சுமை இல்லை. கடலின் நடையைத் தரையில் போலி செய்யும் இரண்டாந்தர விளையாட்டு என்று இதனைச் சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு அது ஒப்புதல் இல்லை. காற்றிலிருந்து எவ்வளவு வேகத்தைக் கறக்க முடியும் என்பதுதான் கேள்வியென்றால், தரையும் உறைபனியும்தான் முதல்தரமான இடங்கள்.

வேகமாக ஓடும் பாய்வண்டியின் படத்தை மாணவிகள் கூர்ந்து பார்க்கட்டும். உண்மைக் காற்று பக்கத்திலிருந்து வீசினாலும், சற்றுப் பின்னாலிருந்து வீசினாலும், பாய் எப்போதும் எதிர்க்காற்றில் போவதைப்போல வண்டியின் நடுக்கோட்டை ஒட்டி இறுக இழுக்கப்பட்டிருக்கும். அதற்குக் காரணம் இதுவே: வேகமாக ஓடும் வண்டிக்கு எல்லாக் காற்றும் எதிர்க்காற்றுதான்.

இன்றுவரை எட்டப்பட்ட அதிகபட்ச வேகம் எவ்வளவு?
— சேலம் வாசகர்

மணிக்கு 222 கிலோமீட்டருக்கு மேல். 2022 டிசம்பரில், தெற்கு ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில், நியூசிலாந்துக் குழு ஒன்று கட்டிய 'ஹொரொனுகு' என்ற வண்டியை ஓட்டி, ஆஸ்திரேலியரான கிளென் ஆஷ்பி இதனைச் செய்தார். மாவோரி மொழிப் பெயர். நிலத்தின்மேல் விரைந்து வழுகிச் செல்வது என்று பொருள். அன்று வீசிய காற்று சுமார் 22 நாட், அதாவது மணிக்கு 40 கி.மீ. சொச்சம். காற்றைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு! முந்தைய பதிலின் கணக்கைத் தொடர்ந்தால், அந்த வேகத்தில் பாயின்மேல் படும் காற்று நேர் முன்னிருந்து பத்து டிகிரி சுற்றில்தான் விலகியிருந்திருக்க வேண்டும். துணிப்பாய் அந்தக் கோணத்தில் படபடத்துச் செத்துவிடும். ஆகவே இத்தகைய வண்டிகளில் நிமிர்த்தி நிறுத்திய விமான இறக்கை போன்ற விறைப்பான பாய் பொருத்தப்படுகிறது. அந்தக் குழுவினருக்குக் காற்றைவிட அதிகத் தொல்லை கொடுத்தது மழை. ஏரியில் தண்ணீர் தேங்கிவிட்டதால், உப்புத் தரை காயும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய சாதனை 2009 மார்ச் 26 அன்று, அமெரிக்காவின் நெவாடா எல்லையை ஒட்டிய இவான்பா வறண்ட ஏரியில், 'கிரீன்பேர்ட்' வண்டியில் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் நிகழ்த்தியது: மணிக்கு 202.9 கி.மீ. அதற்காக அவர் பத்தாண்டுகள் செலவிட்டார். அந்த இறக்கைப் பாயின் அனுபவத்தைக் கொண்டே, ஆளில்லாமல் கடல்களைக் கடந்து தகவல் திரட்டும் 'செயில்ட்ரோன்' பாய்க்கலங்களைப் பின்னர் உருவாக்கினார். தரையில் கற்ற வித்தை கடலுக்குத் திரும்பிப் போன கதை அது.

குறுக்கே ஓடி முந்துவது புரிகிறது. காற்று வீசும் அதே திசையில், நேர்க்கோட்டில் ஓடி, காற்றை முந்தும் வண்டி ஒன்று இருப்பதாக நண்பன் சொல்கிறான். எரிபொருளோ வேறு சக்தியோ இல்லாமல் என்றென்றும் ஓடும் என்கிற நிரந்தர இயக்க இயந்திரக் கதைபோல இருக்கிறதே?
— கோயம்புத்தூர் பொறியியல் மாணவர்

உங்கள் நண்பர் சொல்வது சரி; உங்கள் சந்தேகமும் கௌரவமானதுதான். 2021இல் அமெரிக்கப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஒருவரே இது நடக்காது என்று 10,000 டாலர் பந்தயம் கட்டி, தோற்று, பணத்தைக் கொடுத்தார்.

சாதாரணப் பாய்வண்டியை முதலில் முடித்துவிடுவோம். அது நேர் பின்காற்றில் போகாது; வலமும் இடமுமாக வளைந்து வளைந்தே போகும். அப்படிப் போயும், காற்றோடு மிதக்கவிட்ட ஒரு பலூனுக்கு முன்பே எல்லையை அடைந்துவிடும் திறன் நல்ல வண்டிக்கு உண்டு. நேர்க்கோட்டிலேயே முந்தியது 'பிளாக்பேர்ட்' என்ற தனி வகை. ரிக் கவல்லாரோவும் அவருடைய கூட்டாளிகளும் கட்டிய அது, 2010 ஜூலையில் கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில், பின்காற்றில் நேராக ஓடி, காற்றைப்போல் 2.8 மடங்கு வேகத்தை எட்டியது. வட அமெரிக்கப் பாய்வண்டிச் சங்கம் அளந்து சான்றளித்தது. 2012இல், மாற்றி அமைத்த அதே வண்டி எதிர்க்காற்றில் நேரே ஏறி, 2.1 மடங்கைத் தொட்டது.

அதில் பாய் இல்லை. பெரிய காற்றாடி உண்டு. பார்த்தவுடன், காற்றாலையைப்போலக் காற்று அதைச் சுழற்றி, அது சக்கரத்தை உருட்டுகிறது என்று தோன்றும். பின்காற்றில் ஓடும்போது நடப்பது தலைகீழ்: சக்கரங்கள்தாம் சங்கிலி வழியாகக் காற்றாடியைச் சுழற்றுகின்றன, காற்றாடி விமானத்தில் உள்ளதுபோலக் காற்றைப் பின்னே தள்ளி வண்டியை முன்னே செலுத்துகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது எது என்றால், வண்டியின் ஓட்டம். இந்த இடத்தில்தான் எல்லோரும் 'நிரந்தர இயக்கம்!' என்று கத்துகிறார்கள்.

தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல் உருளையை எடுங்கள். இரு விளிம்புகளும் பெரிதாகவும், நூல் சுற்றிய நடுப்பகுதி சிறிதாகவும் இருக்கவேண்டும். நடுப்பகுதியின் அடியிலிருந்து நூல் உங்களை நோக்கி வருமாறு மேசைமேல் வைத்து, நூலை மேசையோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். நூல் அவிழ்ந்து உருளை பின்னே போகும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். உருளையோ உங்களை நோக்கி உருண்டு வரும். வருவதோடு நில்லாமல், நூலைத் தன்மேல் சுற்றிக்கொண்டே, உங்கள் விரலைவிட வேகமாக வரும். நடுப்பகுதியின் விட்டம் விளிம்பின் விட்டத்தில் பாதியென்றால், விரல் ஒரு சாண் நகர்வதற்குள் உருளை இரண்டு சாண் வந்துவிடும். இதை எழுதுமுன் நானும் செய்து பார்த்தேன். மேசைக் கண்ணாடியில் உருளை சறுக்கிற்று, செய்தித்தாளை விரித்தபின் ஒழுங்காக உருண்டது.

இழுப்பது உங்கள் விரல் மட்டும். ஆனாலும் இழுக்கப்படுவது விரலை முந்துகிறது. யாரும் இதனை மாயம் என்று சொல்வதில்லை, ஏனெனில் விரலுக்கும் மேசைக்கும் இடையே உள்ள வேக வேறுபாட்டிலிருந்து உருளை தன் ஓட்டத்தைப் பெறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. விரலின் இடத்தில் காற்றையும், மேசையின் இடத்தில் ஏரித் தரையையும், விளிம்பின் இடத்தில் சக்கரத்தையும், நூலின் இடத்தில் காற்றாடியையும் வைத்தால் பிளாக்பேர்ட் கிடைத்துவிடும்.

நீங்கள் பொறியியல் படிப்பதால் திறன் கணக்கையும் சொல்கிறேன். வண்டி சரியாகக் காற்றின் வேகத்தில் ஓடும் கணத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியில் இருப்பவருக்குக் காற்று அசையவே இல்லை. தரை மட்டும் கீழே விரைந்து பின்னே ஓடுகிறது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. வேகமாக ஓடும் தரையிலிருந்து சக்கரம் திறனைப் பெறும்போது, அதற்குக் கொடுக்கும் விலை ஒரு சிறிய பின்னிழுப்பு விசைதான். அதே திறனை அசைவற்ற காற்றின்மேல் செலவிடும் காற்றாடிக்கோ பெரிய முன்தள்ளு விசை கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வண்டியை மேலும் விரைவாக்குகிறது. காற்று ஓய்ந்தால் இந்த ஆதாயமும் ஓய்ந்து வண்டி நின்றுவிடும். நிரந்தர இயக்கம் அல்ல என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

இதனை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
— தஞ்சாவூர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

முதலில் கண்டவர் என்று ஒருவரைக் கைகாட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காற்றால் ஓடி முப்பது பேரைச் சுமந்த ஒரு வண்டியைப் பற்றி, 6ஆம் நூற்றாண்டுச் சீன அரசர் ஒருவர் எழுதிய நூலிலேயே குறிப்பு இருக்கிறது. ஒற்றைச் சக்கரக் கைவண்டியில் சிறு பாய் கட்டி, தள்ளுபவரின் பாரத்தைக் குறைக்கும் வழக்கமும் சீனத்தில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அச்சிட்ட சீன நிலப்படங்களின் ஓரங்களில், பாய் விரித்த வண்டிகள் வரையப்பட்டிருந்தன.

அப்படங்கள் பரவிய காலத்தில்தான், நெதர்லாந்தில் மோரிஸ் இளவரசரின் பொறியாளராக இருந்த சைமன் ஸ்டெவின், அவருக்காக ஒரு பெரிய பாய்வண்டியைக் கட்டினார். தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் எல்லோரும் பயன்படுத்தும்படி எளிமையாக விளக்கி 1585இல் சிறு நூல் வெளியிட்ட அதே ஸ்டெவின்தான். 1602 வாக்கில், ஸ்கெவெனிங்கன் கடற்கரையிலிருந்து வடக்கே பெட்டன் ஊர்வரை, 28 பேரை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியது. குதிரைகளால் உடன் வர முடியவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த இளவரசர், விளையாட்டாக வண்டியைக் கடலை நோக்கித் திருப்பி, பயணிகளை அலறவைத்து, மீண்டும் கரைக்குத் திருப்பினாராம்.

பயணிகளின் பட்டியல் வண்டியைவிடச் சுவையானது. ஸ்பெயினுடனான போரில் 1600இல் சிறைபிடிக்கப்பட்டிருந்த தளபதி பிரான்சிஸ்கோ தெ மெண்டோசா அதில் இருந்தார்; போர்க்கைதிக்கு இப்படி ஓர் உல்லாசப் பயணம். இன்னொருவர், இருபது வயதைத் தொடாத ஹியூகோ குரோஷியஸ். கடல் எந்த அரசுக்கும் தனிச்சொத்தல்ல என்று 1609இல் வாதிட்டு, சர்வதேசச் சட்டத்தின் முன்னோடியாக மதிக்கப்படும் அதே மனிதர். கடலின் சுதந்திரத்தை எழுதுவதற்கு முன், மணலில் பாய் விரித்த பயணத்தைப் பற்றி லத்தீன் கவிதைகள் எழுதினார்.

பிரேக் உண்டா?
— விருதுநகர் வாசகர்

போட்டி வண்டிகள் பலவற்றில் கிடையாது. தாமானை விட்டு, முன்சக்கரத்தைக் காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்பினால், பாய் வெறுமையாகிப் படபடக்கும். வண்டி உருண்டு நின்றுவிடும். பலத்த காற்றில், காற்று வரும் பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அந்த நொடியில் கயிற்றை விட மறந்தவர் கவிழ்வார். ஆகவே தலைக்கவசமும், மணல் படாத கண்ணாடியும், கையுறையும் கட்டாயம். எதிரெதிரே வரும் இருவரும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். குறுக்கே வந்தால் வலப்புறமிருந்து வருபவருக்கு வழி. என்னைக் கேட்டால், ஓட்டுபவரைவிடக் கரையில் உலாவுபவருக்கே ஆபத்து அதிகம். சத்தமே இல்லாமல் வருகிற வண்டி அது.

பெட்ரோல் விற்கும் விலையில், இதனைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த யாருமே முயலவில்லையா?
— திருப்பூர் வாசகர்

முயன்றவர்கள் உண்டு, தோற்ற விதமும் அழகாகத்தான் இருக்கிறது. 1860இல், ராக்கி மலைப் பகுதியில் தங்கம் கிடைக்கிறது என்று அமெரிக்காவே மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, கன்சாஸ் மாநிலத்து ஆஸ்கலூசா ஊரைச் சேர்ந்த சாமுவேல் பெப்பர்ட், ஒரு சிறு மர வண்டியில் பாய் ஏற்றி, நண்பர்கள் மூவருடன் டென்வருக்குப் புறப்பட்டார். மாட்டுவண்டித் தொடர்களை முந்திக்கொண்டு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் போய்விட்டார்கள். டென்வர் நெருங்கிய நேரத்தில் ஒரு சூறைச் சுழல் வண்டியைத் தூக்கி எறிந்து நொறுக்கியது, ஆட்கள் தப்பினர், மிச்ச வழியை வேறு வண்டிகளில் கடந்தார்கள்.

தண்டவாளத்தில் பாய் கொஞ்சம் நன்றாகவே உழைத்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்குள் ஒல்லியாக நீளும் ஸ்பர்ன் முனையில், முதல் உலகப் போர்க் காலத்தில் போட்ட இராணுவ ரயில் பாதையில், அங்கே வாழ்ந்தவர்கள் தள்ளுவண்டியில் பாய் கட்டிப் போய்வந்தார்கள். அங்கும் பிரேக் இல்லை. நிறுத்துவதற்குச் சக்கரத்தின் முன்னே ஒரு மரக்கட்டையைப் போடுவார்களாம்.

சாகசப் பயணங்கள் வேறு கணக்கு. 1967இல் பிரெஞ்சுக்காரர் ழான் து பூஷே தலைமையில் பன்னாட்டுப் பாய்வண்டிகளின் அணி ஒன்று, அல்ஜீரியாவின் கொலோம் பெஷாரிலிருந்து மொரிட்டானியாவின் நுவாக்சோட் வரை, 2,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சகாராப் பாலைவழியைக் கடந்தது. 1979இல் ஆர்னோ தெ ரோனே, சக்கரம் வைத்த பலகைமேல் நின்று கையால் பாயைப் பிடித்தபடி, நுவாதிபுவிலிருந்து செனெகலின் டக்கார்வரை 1,380 கி.மீ. ஓட்டினார்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத் திருப்பூர்ச் சாலையைப் பாருங்கள். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் அகலம் வேண்டும்; நமக்கு இருப்பது இரண்டு தடம், நடுவே ஒரு தடுப்பு. பெட்ரோலுக்கு இது மாற்றாகாது.

காற்றுக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. எங்கள் கடற்கரைகளில் இதனை ஓட்ட முடியாதா?
— ஆரல்வாய்மொழி வாசகர்

காற்று உங்களிடம் இருக்கிறது, தரை இல்லை. முதல் பதிலில் இடமறிதல் என்றேனே, அது இதுதான்.

பிரான்சின் வடகரையிலும் பெல்ஜியத்திலும் இந்த விளையாட்டு வளர்ந்ததற்குக் காற்றைவிட, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதமே பெரிய காரணம். ஆங்கிலக் கால்வாயின் பிரெஞ்சுக் கரையில், உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் நீர்மட்ட வேறுபாடு பல இடங்களில் 7, 8 மீட்டர். மோன்-சான்-மிஷேல் விரிகுடாவில் 14 மீட்டரைத் தொடும். கரையின் சரிவு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 7 மீட்டர் இறங்கும் கடல் 700 மீட்டர் அகலத்துக்குத் தரையை விட்டுப் போகிறது. அந்தத் தரை நீரால் அழுத்தப்பட்டு, ஈரத்தால் இறுகி, சக்கரம் பதியாமல் கிடக்கும். சில மணி நேரத்தில் கடல் அதனை மீண்டும் மூடி, மறுபடியும் சமன் செய்து கொடுத்துவிட்டுப் போகும். கட்டணமில்லாமல் நாளுக்கு இருமுறை போட்டுத் தரப்படும் ஓடுபாதை. போட்டி நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிப்பதில்லை, ஓத அட்டவணை பார்த்தே குறிக்கிறார்கள்.

நம் சோழமண்டலக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டர் சுற்றில்தான். அலை ஓரத்தில் கெட்டியான மணல் ஒரு வரப்புபோலக் கிடைக்கும்; அதற்கு மேலே மெரினாவைப்போல எவ்வளவு அகலம் இருந்தாலும் அது உலர்ந்த பொலபொல மணல். அதில் சைக்கிளை உருட்டிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் தாழ் ஓதத்தில் சில கிலோமீட்டர் உள்வாங்கும். நம் நாட்டில் ஓதத்தால் அகலம் பெறும் கரைக்கு அது நல்ல உதாரணம். கட்ச் வளைகுடாவை அடுத்த வெண்ணிற உப்புவெளியைப் படத்தில் பார்த்துக் கெய்ர்ட்னர் ஏரி என்று மயங்கவேண்டாம். பல இடங்களில் மேலே உப்புப் படலம், கீழே சேறு.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பாயும் மாதங்களில் பாய்க்குக் குறைவில்லை. ஆனால் கல்லும் முள்ளும் கம்பமும் காற்றாலைத் தூணும் இல்லாத, அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள சமதளம் அங்கே எங்கே என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். கைவிடப்பட்ட விமான ஓடுதளம் போன்ற ஓரிடம் அமைந்தால், அடுத்த பதிலில் வரும் சிறிய வண்டிக்கு அது போதும்.

போலியோவால் என் மகனுக்கு இரு கால்களும் செயல்படாது. உங்கள் இதழில் வந்த படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அவனைப் போன்றவர்கள் இதனை ஓட்ட வழியுண்டா என்று கேட்கச் சொன்னான்.
— நாகப்பட்டினம் வாசகி

உண்டு என்று தம்பியிடம் சொல்லுங்கள், அம்மா. அவன் சுவரில் உள்ள வண்டி காலால் திருப்பப்படும் வகை. அதிலிருந்து வேறுபட்டது, நியூசிலாந்தின் பால் பெக்கெட் 1999இல் உருவாக்கிய 'பிளோகார்ட்'. ஒரு கையால் திருப்பும் தண்டையும், மறு கையால் பாய்க்கயிற்றையும் பிடித்து ஓட்டலாம். கால்களுக்கு வேலையே இல்லை. ஓட்டுபவர் பட்டையால் இருக்கையோடு பிணைக்கப்பட்டிருப்பார். ஆகவே வண்டி சாய்ந்தாலும் வெளியே தூக்கி எறியப்படமாட்டார். எடை சுமார் 30 கிலோ. மடித்து ஒரு பைக்குள் அடக்கி, காரின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். ஓட்டுபவரின் எடைக்கும் அன்றைய காற்றுக்கும் தக்கபடி 2 முதல் 5.5 சதுர மீட்டர்வரை பாய்களை மாற்றிக்கொள்ளலாம். கால்கள் செயல்படாத பலர் இதனை ஓட்டுகிறார்கள். மற்றவர்களோடு ஒரே களத்தில் போட்டியும் இடுகிறார்கள்.

சிறுவர்களுக்கு முதல் நாள் சிறிய பாயை மாட்டி, கயிற்றை இழுப்பதற்கு முன் விடுவதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தை மட்டும் தம்பி இப்போதே தொடங்கலாம்: பிடித்த கயிற்றைப் பதறாமல் விடப் பழகட்டும். கையால் திருப்பும் வண்டியின் பெரிய படம் ஒன்றை, அவனுடைய சுவருக்காக, இக்கடிதத்தோடு தனியே அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.